பெயரில்லாத ஓர் ஒன்பதடிக் கோல்: பழைய மூங்கில் தூண்டிலைச் சீரமைத்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் பேசப்படும் கோல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு வீட்டுப் பரணில் பல ஆண்டுகள் துணிப்பையில் சுற்றிக் கிடந்தது. இறகும் நூலும் கொண்டு செய்த செயற்கைப் பூச்சியை வீசி ட்ரவுட் மீன் பிடிப்பதற்கான ஒன்பதடிக் கோல் அது. அடித்துண்டு ஒன்று, நடுத்துண்டு ஒன்று, மாற்றி மாற்றிப் பயன்படுத்த நுனித்துண்டு இரண்டு. செய்தவர் பெயரோ மாதிரி எண்ணோ எந்தத் துண்டிலும் இல்லை. தாத்தாவின் கோல் என்பதைத் தவிர அதைப் பற்றி வேறெதுவும் அறியாத பேத்தி, கிரேலிங் நகரை ஒட்டி ஓடும் ஓ சேபிள் ஆற்றில் அதைக் கொண்டு மீன் பிடிக்க விரும்பினார். அவர் கேட்டவை இரண்டு: கோல் மறுபடி வேலை செய்ய வேண்டும், பார்க்கவும் புதிது போல் இருக்க வேண்டும்.

முதல் வேண்டுகோளை அப்படியே ஏற்றுக்கொண்டேன். இரண்டாவதைப் பற்றி அவரோடு நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. பழைய மூங்கில் கோலிலிருந்து சுரண்டி எடுத்த எதையும் திருப்பி வைக்க முடியாது. புதிது போல் ஆக்க எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் கோலில் எதையேனும் குறைக்கிறது. ஆகவே எங்கே கைவைப்பது என்று முடிவு செய்வதைவிட, எங்கே கைவைக்காமல் விடுவது என்று முடிவு செய்வதே சீரமைப்பின் கடினமான பகுதி. லெனார்ட், பெய்ன், கேரிசன் போன்ற புகழ்பெற்ற கைவினைஞர்கள் செய்த கோல்களுக்கு இந்தப் பொறுமையைத் தாராளமாகக் காட்டுகிறார்கள். கடைகளில் மலிவாக விற்ற பெயரில்லாக் கோல்களோ குப்பைக்குப் போகின்றன, அல்லது சுவர் அலங்காரமாகின்றன. எண்ணிக்கையில் மிகுந்தவை இவைதாம்; பெரும்பாலான மக்கள் மீன் பிடித்ததும் இவற்றால்தான். அதனாலேயே இந்தக் கோலை முழுமையாகப் பதிவு செய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

கோலின் அமைப்பும் வயதும்

இவ்வகைக் கோல் வெளித்தோற்றத்துக்கு ஒரே குச்சி போல இருந்தாலும் உண்மையில் ஆறு பிளாச்சுகளின் கட்டு. ஒவ்வொரு பிளாச்சும் 60 பாகைக் கோணமுள்ள முக்கோணமாகச் சீவப்பட்டு, மூங்கிலின் தோல்பக்கம் வெளியே இருக்குமாறு ஆறும் ஒட்டப்படும்போது அறுகோணத் தண்டு கிடைக்கிறது. மூங்கிலின் வலிமை தோலை ஒட்டிய அடர்ந்த நாரில் இருக்கிறது. உள்ளே போகப் போக நார் குறைந்து மென்மையான சோற்றுப்பகுதி மிகும். அடியிலிருந்து நுனி வரை தண்டு எந்தெந்த இடத்தில் எவ்வளவு மெலிகிறது என்பதே கோலின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே உருவமுள்ள தண்டின் விறைப்பு அதன் குறுக்களவின் நான்காம் படியைப் பொறுத்தது. எனவே உப்புத்தாளை ஆர்வத்தோடு தேய்த்து, தண்டின் குறுக்களவில் 5 சதவீதத்தை இழந்தால், அந்த இடத்தின் விறைப்பில் ஏறத்தாழ 18.5 சதவீதம் போய்விடும். அப்படிப் போவது கோலிலேயே மிக வலிமையான வெளி நார் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடவும் கூடுதலாகவே இருக்கும்.

பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கி செய்துவந்த சாமுவேல் பிலிப்பி 1840களில் பிளாச்சுகளை ஒட்டிக் கோல் செய்தார். மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் ஹைரம் லெனார்ட் 1870களில் பிளாச்சுகளைச் சரிவாக அறுக்கும் இயந்திரத்தை அமைத்த பிறகு இத்தொழில் பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கு நகர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாசசூசெட்ஸின் மாண்டேக், யூட்டிகா நகரின் ஹாராக்ஸ்-இபாட்சன், இந்தியானாவின் சவுத் பெண்ட் போன்ற நிறுவனங்கள் பெருமளவில் கோல்களைச் செய்தன. இரும்புக்கடைக்காரர் தம் கடையின் பெயரில் விற்றுக்கொள்வதற்கென்றே பெயர் பொறிக்காமல் செய்யப்பட்ட கோல்களும் அந்தக் காலத்தில் ஏராளம். நம் கோலும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

வயதைக் கணிக்க நான்கு தடயங்கள் உதவின. முதலாவது மூங்கில். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோல்களில் பெரும்பாலானவை வங்கத்திலிருந்து வந்த கல்கத்தா மூங்கிலால் ஆனவை. அதன் தோலில் தீயால் சுட்ட கரும்புள்ளிகள் இருப்பது வழக்கம். இந்தக் கோலில் அத்தகைய சூட்டுத் தழும்பு ஒன்றுகூட இல்லை. கணுக்களுக்கு இடையே நீண்ட இடைவெளி உண்டு. சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் விளைந்து, டாங்கின் மூங்கில் என்று விற்கப்பட்ட இனம் இது. அதற்கு 1931இல் ஃப்ளாய்ட் மெக்ளூர் என்ற தாவரவியலாளர் அறிவியல் பெயரிட்டு விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோல் செய்வோர் இதற்கு மாறிவிட்டார்கள். இரண்டாவது தடயம் ஒட்டுப்பசை. பிளாச்சுகள் பிரிந்த இடத்தில் தெரிந்தது செயற்கைப் பிசின் அல்ல. தச்சர்கள் காய்ச்சிப் பூசும் விலங்குப் பசையான வஜ்ஜிரம். நீர் தாங்கும் பிசின்கள் பரவிய பிறகு இதைக் கைவிட்டார்கள். மூன்றாவது, தண்டு நெடுக ஏறத்தாழ அங்குலத்துக்கு ஒன்றாகச் சுற்றியிருந்த குறுகிய நூல்கட்டுகள். தூண்டில் நூல் ஓடும் வளையங்களைப் பிடித்திருப்பது அவற்றின் வேலையன்று. வஜ்ஜிரம் இளகினாலும் பிளாச்சுகள் பிரியாமல் தடுப்பதற்காகச் சுற்றியவை. நான்காவது, மூட்டுகளில் இருந்த நிக்கல் முலாம் பூசிய பித்தளைப் பூண்கள். மலிவுக் கோலின் அடையாளம் இது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், முதல் உலகப் போருக்குப் பிறகும் இரண்டாம் உலகப் போருக்கு முன்பும் செய்யப்பட்ட கோல் என்று சொல்லலாம். 1950இல் அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடை விதித்ததாலும், கண்ணாடியிழைக் கோல்கள் பெருகியதாலும், இப்படிப்பட்ட மலிவு மூங்கில் கோல்களின் காலம் விரைவில் முடிந்துபோனது.

பழுதுகள்

எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் கோலை அளந்து எழுதிவைத்தேன். மூன்று ஜோடிப் பக்கங்களிலும் ஐந்து அங்குலத்துக்கு ஒரு முறை கனத்தை அளந்தேன். நூல்கட்டுகளின் இடத்தையும் அகலத்தையும் ஒரு நீண்ட தாள்பட்டையில் குறித்துக்கொண்டேன். அந்தத் தாள்பட்டை இல்லாமல் ஒரு நூலைக்கூட அறுக்கக் கூடாது என்பது என் வழக்கம்.

நடுத்துண்டின் மேற்பாதியில் இரண்டு ஒட்டுவாய்கள் ஒரு சாண் நீளத்துக்கு மேல் திறந்திருந்தன. மெல்ல வளைத்தபோது அந்த இடம் கிறீச்சிட்டது; நகத்தால் தட்டினால் மற்ற இடத்தில் எழும் கணீரென்ற ஒலி அங்கே அடங்கியது. நுனித்துண்டுகளில் ஒன்று 36 அங்குலத்துக்குப் பதில் 33½ அங்குலமே இருந்தது. ஒடிந்த நுனி எப்போதோ தொலைந்திருக்கிறது. முழு நீளமுள்ள மற்றொரு நுனித்துண்டு, வளையங்கள் இருந்த பக்கமாகவே நிரந்தரமாகக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. நடுத்துண்டின் மேல்முனையில் இருந்த, நுனித்துண்டின் ஆண் பூணை உள்வாங்கும் பெண் பூணின் வாயில் நெடுக்கு விரிசல். அடித்துண்டின் பூண் பசை விட்டு ஆடியது. வார்னிஷ் வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. இவை போக, கைப்பிடிக்கு மேலே ஒரு விரற்கடை அகலத்தில், சட்டை தைக்கும் சாதாரண நூலால் நெருக்கமாகச் சுற்றி, கறுத்த அரக்குப் பூசிய ஒரு கட்டு இருந்தது. தொழிற்சாலை வேலை அன்று அது. தாத்தா தாமே செய்த பழுதுபார்ப்பு என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

நடுத்துண்டின் ஒட்டு

இந்த வேலையின் மையம் இதுவே. பிளாச்சுகள் பிரிந்த தண்டை முழுவதும் கழற்றி, பழைய பசையை வெந்நீரில் கழுவி, ஆறு பிளாச்சுகளையும் புதுப் பிசினால் மறுபடி ஒட்டுவது ஒரு வழி. செய்ய முடிந்ததுதான் என்றாலும், அப்படிக் கழற்றும்போது நல்ல நிலையில் இருக்கும் ஒட்டுகளும் பிரிக்கப்படும். சேர்க்கும்போது பிளாச்சுகள் இம்மியளவு திருகிக்கொண்டாலும் தண்டு கோணிவிடும். பாதித் தண்டு உறுதியாக இருக்கையில் முழுத் தண்டையும் அவிழ்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திறந்த இடத்தை மட்டும் ஒட்டுவது என்று முடிவு செய்தேன்.

எந்தப் பசையால் ஒட்டுவது என்பது அடுத்த கேள்வி. பழம்பொருள் காப்பாளர்கள், பின்னால் வருபவர் பிரித்தெடுக்கக் கூடிய பசையையே விரும்புவார்கள். அந்த நியாயப்படி மறுபடி வஜ்ஜிரமே பூசியிருக்க வேண்டும். இந்தக் கோல் கண்ணாடிப் பெட்டிக்குள் போவதாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆற்றில் நனையப்போகும் கோலுக்கு, முன்பு தோற்ற அதே பசையைத் திரும்பப் பூசுவது முறையாகாது. நீரில் கரைந்த வெள்ளைப் பசைகளும் சரிப்படாது. அவற்றிலுள்ள ஈரம் பக்கத்திலுள்ள பழைய வஜ்ஜிரத்தை இளக்கி, பத்து அங்குலப் பழுதை இருபது அங்குலமாக்கிவிடும். ஆகவே ஈரமே இல்லாத, மெதுவாக இறுகும் எப்பாக்ஸி என்ற செயற்கைப் பிசினைத் தேர்ந்தேன். நெருக்கி அழுத்தாமலே மெல்லிய இடைவெளிகளை அது நிரப்பிக்கொள்வதும் ஒரு வசதி.

எப்பாக்ஸி பிடிக்க வேண்டுமானால் பழைய பசை போயாக வேண்டும். தண்ணீர் தொடக் கூடாது என்பதால் ஸ்பிரிட்டைப் பயன்படுத்தினேன். வஜ்ஜிரத்திலுள்ள ஈரத்தை ஸ்பிரிட் இழுத்துக்கொள்வதால் அது நொறுங்கும் தன்மை அடைகிறது. பழைய வயலின்களைப் பிரிப்பவர்களும் இதே முறையைக் கையாளுகிறார்கள். திறந்த வாயில் மெல்லிய தூரிகையால் ஒரு சொட்டு விட்டுச் சற்றுப் பொறுத்தால், மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போலிருந்த பசை வெண்மையாகி, தகட்டுக் கத்தியின் முனைக்குப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வாயை அகலப்படுத்தி உள்ளே பார்க்கத் தோன்றும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டிய கட்டம் இது. பிளாச்சை நெம்பினால் ஒட்டு இருக்கும் இடம் வரை கிழிந்துகொண்டே போகும். இரண்டு வாய்களின் முனைகளிலும் நூலை இறுக்கிக் கட்டிவிட்டே வேலை செய்தேன்.

பொடி முழுவதும் வெளிவந்து, ஸ்பிரிட் ஆவியாகி மூங்கில் நன்கு உலர்ந்த பிறகு, எப்பாக்ஸியை இலேசாகச் சூடாக்கி நீர்க்கச் செய்து, மெல்லிய உலோகத் தகட்டால் உள்ளே செலுத்தினேன். பின்னர் பருத்தி நூலை முதலில் ஒரு திசையிலும், அதன்மேல் எதிர்த் திசையிலும் சம இழுவையில் சுற்றினேன். ஒரே திசையில் சுற்றினால் தண்டு முறுக்கிக்கொள்ளும். எதிர்ச்சுற்று அந்த முறுக்கத்தை ஈடுசெய்கிறது. வழிந்த பிசினைத் துடைத்துவிட்டு, தண்டின் ஒரு முனையில் சிறு எடையைக் கட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டேன். இறுகிய பிறகு நூலைப் பிரித்துப் பார்த்தபோது வாய்கள் மூடியிருந்தன. வளைத்தபோது கிறீச்சொலி இல்லை. தட்டிப் பார்த்த ஒலி முழுத் தண்டிலும் ஒன்றாக இருந்தது.

வளைந்த நுனியும் குட்டை நுனியும்

வளைந்த மூங்கிலை நிமிர்த்தச் சூடு காட்டுவது இத்தொழிலில் எல்லோரும் செய்வது. சூட்டில் நாரைப் பிணைத்திருக்கும் பொருள் இளகும். அந்நிலையில் எதிர்ப்புறமாக வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் தண்டு நிமிரும். செயற்கைப் பிசினால் ஒட்டிய கோலில் தயங்காமல் இதைச் செய்யலாம். வஜ்ஜிரக் கோலிலோ மூங்கில் இளகுவதற்கு வெகு முன்பே பசை இளகிவிடும். நேரான நுனிக்கு ஆசைப்பட்டு உறுதியான ஒட்டைப் பணயம் வைப்பது நல்ல பேரமாகத் தோன்றவில்லை.

அதனால் நுனியை நிமிர்த்தாமல், வளையங்களை நேர் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினேன். அறுகோணத் தண்டில் எதிர்ப்பக்கம் அதே கனமும் அதே தட்டையும் கொண்டது என்பதால் இது இயல்பாகப் பொருந்தியது. இப்போது கோலைப் பிடித்தால் வளைவு மேல்நோக்கித் தெரிகிறது. மீன் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வளைவுக்கு எதிராகவே இழுபடுகிறது. பழைய வளைவு பயன்பாட்டிலேயே சிறிது சிறிதாகக் குறையவும் வாய்ப்பு உண்டு.

இரண்டரை அங்குலம் குறைந்த நுனித்துண்டைப் பற்றி உரிமையாளருக்குத்தான் அதிகக் கவலை. சரிவாகச் சீவிய புதுத் துண்டை ஒட்டி நீளத்தை மீட்கலாம். ஒட்டு நிற்க வேண்டுமானால் தண்டின் கனத்தைப் போல் இருபது மடங்கு நீளத்துக்கு அந்தச் சரிவு அமைய வேண்டும். அதற்காக நல்ல நிலையில் உள்ள பழைய மூங்கிலையும் சீவித் தள்ள வேண்டியிருக்கும். முழு நீள நுனி ஒன்று கையில் இருக்கும்போது அதற்கு அவசியமில்லை என்று சொன்னேன். குட்டை நுனி மெலிந்த பகுதியை இழந்திருப்பதால் சற்று விறைப்பாக, சற்றுக் கனமான தூண்டில் நூலைத் தாங்குவதாக இருக்கும். காற்று பலமாக வீசும் நாளில் அதுவே வசதி. அதன் முனையின் கனத்துக்கு ஏற்ற பெரிய நுனிவளையத்தைப் பொருத்தியதோடு நிறுத்திக்கொண்டேன்.

பூண்கள்

ஆடிக்கொண்டிருந்த அடித்துண்டுப் பூணைச் சுற்றிய நூலை அறுத்ததும், குறுக்கே அடித்திருந்த மெல்லிய பித்தளை ஆணி தெரிந்தது. அதை நுண்ணிய துளையூசியால் தட்டி வெளியேற்றி, பூணை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, பூணுக்குக் கீழே தண்டின்மேல் ஈரத்துணி சுற்றிச் சூடு கீழிறங்காமல் பார்த்துக்கொண்டு, நேராக இழுத்தேன். பூணை ஒருபோதும் திருகி எடுக்கக் கூடாது. இழுவைக்கு அசையாத மூங்கில் நார், திருகலுக்கு நெடுக்காகப் பிளந்துவிடும். உட்புறத்தைச் சுத்தம் செய்து அதே பூணைத் திரும்ப ஒட்டினேன். ஆணியைத் திரும்ப அடிக்கவில்லை. தண்டு மிகுந்த சுமை தாங்கும் இடத்தில் ஓட்டை போடுவது பழைய பசைகளின் காலத்துக்குத் தேவைப்பட்டிருக்கலாம், இன்று தேவையில்லை. ஆணித்துளையை மூங்கில் சிம்பால் அடைத்தேன்.

விரிசல் விட்ட பெண் பூணைக் காப்பாற்ற வழியில்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நிக்கல் சில்வர் பூண் ஒன்றையும், இரண்டு நுனிகளுக்குமாக இரண்டு ஆண் பூண்களையும் புதிதாகப் பொருத்தினேன். பூண்களின் அளவு ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டது. இந்த மூட்டுக்கு 12 என்ற அளவு, அதாவது ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டர், தண்டைச் சீவாமலே உட்கார்ந்தது. ஆண் பூணை மிக நுண்ணிய தாளால் சிறிது சிறிதாக மெருகேற்றி, அழுத்தினால் சீராக நுழைந்து, இழுத்தால் ‘பொக்’கென்ற ஒலியோடு விடுபடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மெருகு ஒரு தேய்ப்பு கூடிவிட்டால் மூட்டு தளர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு தேய்ப்புக்குப் பிறகும் துடைத்து, பொருத்திப் பார்த்துத்தான் முன்னேறினேன்.

நூலும் வார்னிஷும்

உதிர்ந்துகொண்டிருந்த வார்னிஷை ரசாயனம் தடவி நீக்கவில்லை. அது ஒட்டுவாய்களுக்குள் இறங்கிவிடும். மழுங்கிய கத்தியின் முதுகால், தண்டின் ஒவ்வொரு பக்கமாக, நெடுக்காகச் சுரண்டினேன். உப்புத்தாளை மூங்கிலின் மேல் ஓட்டவே இல்லை. காலத்தால் தேன் நிறமேறிய மூங்கிலின் மேற்பரப்பு அப்படியே நின்றது.

பழைய நூல் வெளிறிப்போயிருந்தாலும், வளையங்களின் பாதத்துக்கு அடியில் வெயில் படாத இடத்தில் அதன் அசல் நிறம் பிழைத்திருந்தது. பட்டு நூலில் வார்னிஷ் ஏறும்போது அது கண்ணாடி போலாகி, அடியிலுள்ள மூங்கிலின் நிறம் மேலே தெரியும். ஆகவே கடையில் நூற்கண்டைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பது ஏமாற்றத்திலேயே முடியும். வார்னிஷ் பூசிய மாதிரிகளை ஒரு மூங்கில் சிம்பில் செய்து, பழைய நூலின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே தேர்ந்தேன். வளையப் பாதங்களின் முனைகளை அரத்தால் இழை போல் மெல்லியதாக்கினேன். தடித்த பாதம் நூலைத் தூக்கி நிறுத்துவதோடு, கோல் வளையும் ஒவ்வொரு முறையும் மூங்கிலை அறுக்கும். இடைக்கட்டுகள் அனைத்தையும் தாள்பட்டையில் குறித்த இடங்களிலேயே திரும்பச் சுற்றினேன். பல சீரமைப்பாளர்கள் அவற்றைத் தேவையற்ற எடை என்று நீக்கிவிடுகிறார்கள். எஞ்சிய ஒட்டெல்லாம் வஜ்ஜிரமாக உள்ள கோலில் அவை அலங்காரமல்ல, காப்பு. நீக்குவதை நான் தவறு என்றே சொல்வேன்.

வார்னிஷை மெல்லியதாக, நன்கு உலரவிட்டு, அடுக்கடுக்காகப் பூசினேன். வேறு எதையும்விட மேலாக ஈரத்திடமிருந்து வஜ்ஜிரத்தைக் காப்பது இந்தப் பூச்சுதான் என்பதால், பூணும் மூங்கிலும் சந்திக்கும் விளிம்புகளில் கூடுதல் கவனம் செலுத்தினேன்.

தாத்தாவின் கட்டு

புதிது போல் ஆக்குவதென்றால் முதலில் போக வேண்டியது கைப்பிடிக்கு மேலிருந்த தையல்நூல் கட்டுதான். உருப்பெருக்கியில் பார்த்தபோது அதன் அடியில் ஒரு பிளாச்சில் மயிரிழை விரிசல் ஓடுவது கட்டின் இரு ஓரங்களிலும் தெரிந்தது. விரிசல் கட்டைத் தாண்டிப் போகவில்லை. வளைத்தாலும் அசையவில்லை. நூல் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விடாமல் சுற்றப்பட்டிருந்தது. முடிச்சு வெளியே தெரியாதபடி நூல்முனை உள்ளே இழுக்கப்பட்டிருந்தது. தொழில் தெரிந்த கை. அதைப் பிரித்து நான் சுற்றினாலும் இதைவிட உறுதியாகச் செய்ய இயலாது என்று உரிமையாளரிடம் சொன்னேன். உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்ததும், நெடுநேரம் பார்த்துவிட்டு, அதைத் தொட வேண்டாம் என்று அவரே சொன்னார். அதன்மேல் ஒரு பூச்சு வார்னிஷ் மட்டும் ஏற்றினேன். கார்க் கைப்பிடியையும் ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. விரல்கள் பதிந்து தேய்ந்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன.

விளைவு

முன்பு அளந்த அதே இடங்களில் மறுபடி அளந்தபோது, வார்னிஷின் கனத்தைக் கழித்தால், தண்டு எங்கும் மெலியவில்லை. நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டு ஒப்பிட்டதில், குட்டை நுனி எதிர்பார்த்தபடியே குறைவாக வளைந்தது. வெட்டவெளியில் வீசிப் பார்த்ததில், முழு நீள நுனி, எடை வரிசையில் 6 என்ற எண்ணுள்ள தூண்டில் நூலை நிதானமாக எடுத்துச் சென்றது. அடிவரை மெல்ல வளைந்து எழும் இயல்புடைய கோல் இது. வேகமாக வீசினால் ஒத்துழைக்காது, நூல் பின்னால் முழுவதும் நீளும்வரை காத்திருக்க வேண்டும்.

சீரமைத்தது ஒரு பகுதி மட்டுமே என்பதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நடுத்துண்டின் கீழ்ப்பாதியிலும் மற்றத் துண்டுகளிலும் இருப்பது இன்னமும் பழைய வஜ்ஜிரம்தான். எனவே நனைந்த கோலைத் துடைக்காமல் பையில் போடக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விடக் கூடாது. மூலையில் சாய்த்து வைக்காமல் தொங்கவிட வேண்டும். நுனியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மீனைத் தூக்கவும் கூடாது. ஒரு பருவம் மீன் பிடித்து முடித்ததும் நடுத்துண்டை மட்டும் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். எப்பாக்ஸி முடிந்து வஜ்ஜிரம் தொடங்கும் அந்த எல்லையில் ஒட்டுவாய் மறுபடி திறக்கிறதா என்பதை அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.